வண்டிக்கு இரண்டு குடம்

1. ஐப்பசி மழையில் ஜீப்பின் எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. அண்ணன் போன் செய்து, "ஏ புள்ள, ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லு. இதையே பிரிச்சுக் கட்டலாமா, வேற எஞ்சின் தேடணுமா?" என்றான்.

2. லீவு கிடைத்ததும் வருகிறேன் என்றேன். கார்த்திகையிலும் அதையே சொன்னேன். தையிலும்.

3. மாசியில், மிளகாய்ப் பழம் காயப்போட்டிருந்த களத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்த அண்ணன் அப்படியே சாய்ந்துவிட்டான். முப்பத்தெட்டு வயது.

4. நான் வந்தேன்.

5. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மதினி ஜீப் சாவியை என் கையில் கொடுத்து, "ஓட வச்சுக் குடு பாப்பா. அவுக எஞ்சினோட" என்றார்.

அழவேண்டிய இடங்களில் எல்லாம் நான் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தேன். யாருக்குச் சொல்லவில்லை, எத்தனை பேருக்குச் சாப்பாடு, எந்தச் சான்றிதழுக்கு எங்கே போகவேண்டும். சாவியை வாங்கியதும் புதிய பக்கத்தில் "எஞ்சின்" என்று தலைப்பிட்டேன். ஓசூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். அளப்பதும், தேறாததை ஒதுக்குவதும் வேலை. ஒதுக்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதவேண்டும். காரணம் எழுதாத ஒரு வரியைக்கூட மேலாளர் ஏற்கமாட்டார்.

எங்கள் ஊர் முதுகுளத்தூரிலிருந்து உள்ளே போகவேண்டும். மழை பெய்தால் கரிசல் மண் டயரில் அப்பிக்கொள்ளும். அந்த நாட்களில் காட்டுக்குள் போய்த் திரும்பக்கூடிய ஒரே வண்டி அண்ணனுடைய, நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான். மிளகாய் மூட்டையும் ஆட்டுக்குட்டியும் பிள்ளைத்தாச்சிகளும் அதில்தான் ஊரைவிட்டு வெளியே வந்தார்கள். இனி அதை மதினிதான் ஓட்டப்போகிறார். லைசென்ஸ் எடுத்துவிட்டார். அது ஓடினால்தான் அடுத்த மழைக்கு அந்த வீட்டில் வருமானம். அதே எஞ்சின்தான் வேண்டும் என்பதற்கு அவர் சொன்ன காரணம் வேறு: "ஊருணிக் கரையில அந்தச் சத்தம் திரும்புறதக் கேட்டுத்தான் நான் சோத்துக்கு ஒலை வைப்பேன்." அதே மாடல் எஞ்சினாக இருந்தால் சத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது என்றேன். மதினி என் முகத்தைப் பார்த்தார்.

ஜீப்பில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு இரும்பு வளையம் பற்றவைத்திருக்கும். அதில் வெள்ளைக் கேன் ஒன்று. ரேடியேட்டருக்கு ஊற்றும் தண்ணீர். எங்கள் ஊர்ப் போர்வெல் தண்ணீர் உப்பு. அண்ணன் அதை வண்டிக்கு ஊற்றமாட்டான். ஊருணித் தண்ணீர்தான். கோடையில் ஊருணி வற்றி, டிராக்டரில் நல்ல தண்ணீர் வரும் காலத்தில் வீட்டுக்கு எத்தனை குடம், எதற்கு எத்தனை என்று பிரிப்பது அய்யா. அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மா அப்போதே இல்லை. அய்யா பிரிக்கையில் அண்ணன் வந்து நிற்பான்.

"வண்டிக்கு ரெண்டு கொடம்."

"குடிக்கவே காணல. ஒன் வண்டிக்கு நல்ல தண்ணி கேக்குதாலே?"

"அதுதானய்யா நமக்குச் சோறு போடுது. கஞ்சியா கேக்குது, தண்ணிதான கேக்குது?"

அய்யா வைதுகொண்டே இரண்டு குடத்தை நகர்த்துவார். கேனில் ஊற்றி, வளையத்தில் மாட்டி, அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கல்லூரி விடுதியிலிருந்து வந்த ஒவ்வொரு கோடையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். எனக்கும் கோபம்தான். நான் அரைக் குடத்தில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை கடற்கரை ஊரான மண்டபத்தில் சகாய விலைக்கு ஒரு எஞ்சின் வந்திருக்கிறது என்று என்னையும் கூட்டிப்போனான். பார்க்கப் புதுசு போல இருந்தது. அண்ணன் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "இது என்ன தண்ணி குடிச்சது?" மீன்பிடி வள்ளத்தில் இருந்த எஞ்சின், கடல் தண்ணீரில் குளிர்ந்தது என்று தெரிந்ததும் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினோம். "நீ காலேஜுல எல்லாம் படிப்ப புள்ள. எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுன்னு கேப்ப. என்ன தண்ணி குடிச்சதுன்னு மொதல்ல கேளு" என்றான். அதை நான் குறித்துக்கொள்ளவில்லை. சிரித்தேன்.

ராமநாதபுரத்தில் மெக்கானிக் பாயின் பட்டறையில் எஞ்சின் மட்டும் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. ஜீப் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. ஜீப்பை ஆரம்பத்திலிருந்து பார்த்தவர் அவர்தான். என் பட்டியலில் மூன்று எஞ்சின்கள். ஒன்று, அண்ணனுடையது. இரண்டு, மறுபடியும் மண்டபத்திலிருந்து வந்த ஒரு வள்ளத்து எஞ்சின். மூன்று, பரமக்குடியில் பழைய வண்டி உடைக்கும் கடையில் கிடைத்தது. சிலிண்டர் தேய்மானம், கிராங்க் அளவு, எஞ்சின் பிளாக்கின் மேல்தளம் என்று மூன்றுக்கும் ஒரே அட்டவணை போட்டு இரண்டு நாள் அளந்தேன். பாய் பீடியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பொண்ணு பாக்க வந்த மாமியாகூட இவ்வளவு அளக்கமாட்டா, தங்கச்சி."

எண்களை மட்டும் பார்த்தால் வள்ளத்து எஞ்சின்தான் முதலிடம். அண்ணனுடையது இரண்டாவது. சிலிண்டர் ஏற்கெனவே பெரிதாக்கப்பட்டிருந்தது. ஆனால் உள்ளே ஸ்லீவ் என்னும் இரும்புக் குழல் இறக்கிச் சரிசெய்யலாம். பரமக்குடி எஞ்சின் கடைசி. அட்டவணையின் ஓரத்தில் ஒரு கட்டம் சேர்த்து "தண்ணீர்" என்று எழுதினேன். வள்ளத்து எஞ்சினின் வரியை அடித்தேன். அப்போது எனக்கு நிம்மதி போல ஏதோ வந்தது. ஊருணித் தண்ணீர் மட்டுமே குடித்த எஞ்சின், மதினி கேட்ட எஞ்சின், இரண்டும் ஒன்றாக இருந்தது.

உறுதிசெய்ய, அண்ணனுடைய எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தண்ணீர் அறையைத் திறக்கச் சொன்னேன். பிளாக்கின் பக்கவாட்டில் அந்த அறையை மூடியிருக்கும் சின்னக் கிண்ணம் போன்ற இரும்பு மூடி உண்டு. பட்டறையில் டம்மி என்பார்கள். பாய் உளி வைத்துத் தட்டிக் கழற்றினார். உள்ளே டார்ச் அடித்தேன். துரு செதில் செதிலாக நின்றது. அதன்மேல் வெள்ளையாக ஒரு படிவு. ஸ்க்ரூடிரைவரால் தொட்டதும் சுவரே பொடிந்து விழுந்தது. பாய் விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்தார்.

"நல்ல தண்ணி தவிர ஊத்தமாட்டேன்னு எங்கிட்ட சவால் விட்ட மனுசன்" என்றார். "இது உப்பு, தங்கச்சி."

நானும் வைத்துப் பார்த்தேன். உப்புதான். சுவர் இவ்வளவு மெலிந்த பிளாக்கில் ஸ்லீவ் நிற்காது. அண்ணனுடைய வரியில் குறுக்கே கோடு போட்டேன். காரணம் எழுதும் இடத்தில் பேனாவை வைத்தபோது, அண்ணன் எங்கள் எல்லோரிடமும் பொய் சொல்லியிருக்கிறான் என்பது மட்டும்தான் தோன்றியது. அந்த நினைப்பும் என்னை ஒன்றும் செய்யவில்லை. மூடியை ஒரு துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மதினி அடுப்படியில் இருந்தார். மூடியைக் காட்டி, எஞ்சின் தேறாது, உள்ளே உப்பு அரித்துவிட்டது என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மதினி மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அந்தத் தண்ணிதான்" என்றார்.

அவர்கள் மகன் பிறந்த கோடையில் நடந்ததைச் சொன்னார். மதினிக்குத் தாய்ப்பால் போதவில்லை. பவுடர் பால்தான். போர்த் தண்ணீரைக் காய்ச்சிக் கலந்தால் பிள்ளைக்கு வயிற்றால் போனது. மதினி அண்ணனிடம், அய்யாகிட்ட இன்னும் ரெண்டு கொடம் கேளுங்க என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் கேட்கவில்லை. மறுநாள் வழக்கம்போல வண்டிக்கு இரண்டு குடம் கேட்டு வாங்கி, கேனை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"தெருவச் சுத்திக் கொல்லப் பக்கமா வந்து, வேலிக்கு மேல கேன நீட்டுவாக. நான் வாங்கிக் குடத்துல ஊத்திக்கிட்டு வெறுங்கேன குடுப்பேன். வண்டிக்குப் போற வழியில ஏதாச்சும் காட்டுப் போர்ல உப்புத் தண்ணி புடிச்சுக்கிருவாக."

"அய்யாகிட்ட நேராக் கேட்டா என்ன மதினி?"

"பொண்டாட்டிக்குன்னு அவுக வாயத் தொறந்து கேக்குற ஆளா? அய்யாவும் வண்டிக்குன்னாத்தான் விடுவாக."

"அந்த ஒரு கோடைதானா?"

"பழகிப்போச்சு பாப்பா. ஊருக்கு நல்ல தண்ணிக் கொழாய் வர்ற வரைக்கும் எல்லாக் கோடையும்."

மதினி மூடியை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வேற எஞ்சினே போடு."

சாயங்காலம் அய்யா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அண்ணன் போனபிறகு அவர் யாரையும் வைவதில்லை. நான் கடந்து போகும்போது கூப்பிட்டார்.

"எஞ்சின் ஆகாதாமே ஆத்தா?"

"ஆகாதுய்யா. உள்ள துரு."

அய்யா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நல்ல தண்ணிதான ஊத்துனான். நாந்தான அளந்து விட்டேன். ரெண்டு கொடம்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல தண்ணிதான?"

அடுப்படி ஜன்னலில் பாத்திரச் சத்தம் நின்றது.

"நல்ல தண்ணிதான்யா" என்றேன். "எஞ்சினுக்கு வயசாயிருச்சு."

தொழிற்சாலையில் சேர்ந்ததிலிருந்து ஒதுக்கிய பொருளுக்கு நான் தவறான காரணம் சொன்னதில்லை. அன்று சொன்னேன். நோட்டில் அண்ணனுடைய வரியில் காரணம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

பரமக்குடி எஞ்சினின் தண்ணீர் அறையில் மெல்லிய பழுப்புத் துரு மட்டும்தான் இருந்தது. "வைகைத் தண்ணி குடிச்சது" என்றார் பாய். பிளாக் இப்போது லேத்தில் இருக்கிறது. எஞ்சின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுத்தாகிவிட்டது. அண்ணனுடைய பிளாக் கொல்லையில் வேலியோரம் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார், மதினி கொடுக்கவில்லை. ரேடியேட்டருக்குக் கூலன்ட் வாங்கி வைத்திருக்கிறேன். அதில் கலக்க நல்ல தண்ணீர் வேண்டும் என்றேன். இன்று காலை மதினி கேனைக் கழுவி, அய்யாவின் கண் முன்னாலேயே இரண்டு குடம் ஊற்றி, அதன் வளையத்தில் மாட்டினார். ஜீப் இன்னும் ஓடவில்லை.