கைப்பிடியின் உயரம்

கொன்ஸ்ரன்ஸ் பிள்ளை வண்டியின் சில்லை உதைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து, அது ஆடுகிறதா என்று ஆராய்ந்தார். "கண்டறியாத சாமான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்ரோலருக்குப் போனார். வெள்ளவத்தையில் அது நாங்கள் ஏறி இறங்கிய மூன்றாவது கடை. கதிரை வாங்கினாலும் காஸ் அடுப்பு வாங்கினாலும் அவர் முதலில் உதைத்துத்தான் பார்ப்பார். ஒருமுறை பூசணிக்காயையும் உதைத்தார். கொட்டாஞ்சேனைச் சந்தையில் அந்தக் கடைக்காரி இன்றுவரை அவருடன் கதைப்பதில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் வரும் சாமான்களுக்குப் பத்திரம் அடிக்கும் அலுவலகம் ஒன்றில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். நான் வெள்ளவத்தை, அவர் கொட்டாஞ்சேனை. ஆள் நாலே முக்கால் அடி மனிசி. பஸ் முழுதாக நிற்காமல் இறங்கச் சொன்னால் போதும், தம்பி, ஒழுங்காக நிறுத்து என்று சிங்களத்தில், "மல்லி, ஹொந்தட்ட நவத்தன்ன!" எனப் போடுகிற சத்தத்தில் சாரதி தானாகவே பிரேக்கை மிதிப்பான். கலியாணம் கட்டவில்லை. ஏனென்று கேட்டால், "வந்ததெல்லாம் விசரனுகள்" என்பார். நானும் அதற்குமேல் கேட்டதில்லை.

மார்கழியில் அவருடைய தமையனின் மகள் சுரேகா ரொறன்ரோவிலிருந்து வருகிறாள். கணவன் ஜொனாதன், மூன்று வயதில் ஒன்று, ஒன்றரை வயதில் ஒன்று. கொழும்பில் சில நாள் நின்றுவிட்டு எல்லோரும் சிங்கப்பூர் போய், அங்கிருந்து உல்லாசக் கப்பலில் ஒரு கிழமை. கொன்ஸ்ரன்ஸுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டாயிற்று. கோயிலில் பூசை முடிந்து வருகிறவர்களையெல்லாம் வாசலில் மறித்து மறித்து அவர் இந்தச் செய்தியைச் சொல்லியிருந்தார். மூன்று கவுன் தைத்தார். அகலமான தொப்பி ஒன்றும் வாங்கினார்.

"இவ்வளவு காலமும் கப்பலிண்ட பேரை அடிச்சு அடிச்சே என்ர விரல் தேஞ்சு போச்சு கனகேஸ்," என்றார் என்னிடம். "ஒருநாள் மேல்தட்டில கதிரையைப் போட்டு இருந்து ஒரு கோப்பி குடிக்கோணும். முழுக் கோப்பியும். ஒருத்தரும் இடையில என்னைக் கூப்பிடக் கூடாது. வேற ஒண்டும் வேண்டாம்."

எனக்கு அப்போதே சந்தேகம். எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டில் பிள்ளைப்பேறு என்றால் இங்கேயிருந்து ஒரு மனிசியை விமானத்தில் ஏற்றி எடுப்பார்கள். பத்தியம் காய்ச்ச, பிள்ளையைக் குளிப்பாட்ட, இரவில் முழித்திருக்க. கலியாணம் கட்டாத மனிசி என்றால் இன்னும் வசதி, வீட்டில் தேடுவதற்கு ஆளில்லை பாருங்கள். கொன்ஸ்ரன்ஸ் சுரேகாவிடம் இரண்டு தரம் அப்படிப் போய் ஆறாறு மாதம் நின்றவர். நயாகரா பார்க்கவும் கூட்டிக்கொண்டு போனார்களாம். பிள்ளை காருக்குள் நித்திரையாகிவிட்டதாம். எல்லோரும் நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு வரும்வரை இவர் கார் நிறுத்துமிடத்தில் பிள்ளையோடு இருந்தாராம். இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஆனால் அன்று கடையில் அவரைப் பார்க்கவேண்டும். கப்பல் அறையின் கதவு ஒடுக்கம், அகலமான வண்டி உள்ளே போகாது, பார்த்து வாங்கி வையுங்கோ என்று சுரேகா எழுதியிருந்தாள். நடைபாதையிலும் விடக்கூடாதாம், மடித்துக் கட்டிலுக்குக் கீழே தள்ளவேண்டும். கொன்ஸ்ரன்ஸ் தையல் நாடாவோடு வந்திருந்தார். பக்கத்துப் பக்கத்து இருக்கை வைத்த வண்டிகளை அளந்து பார்த்து, அப்படியே கழித்துவிட்டார். கடைக்கார இப்ஹாம் பொறுமைசாலி.

"மிஸ், இதுல ஒண்டுக்குப் பின்னால ஒண்டு சீட் ஈக்கி. கதவால லேசா போகும்."

கொன்ஸ்ரன்ஸ் முன் இருக்கையில் என் கைப்பையை வைத்தார், பின் இருக்கையில் நான் வாங்கிய அரிசிப் பையை வைத்தார். "இவர் மூத்தவர், இவர் இளையவர்" என்று எனக்கு அறிமுகமும் செய்தார். கப்பல் ஆடினால் வண்டி ஓடக்கூடாது என்று பிரேக்கைப் போட்டு இடுப்பால் இடித்தார். பிறகு கைப்பையை என்னிடம் தந்துவிட்டு, அரிசிப் பையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் வண்டியை மடித்துப் பார்த்தார். மடிந்தது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஓம், இது சரி" என்றார்.

படம் எடுத்துச் சுரேகாவுக்கு அனுப்பினார். உடனே குரல் செய்தி வந்தது. கொன்ஸ்ரன்ஸ் எதையும் சத்தமாகத்தான் போட்டுக் கேட்பார், அதனால் கடை முழுதும் கேட்டது.

"சூப்பர் அன்ரி! கைப்பிடி உங்கட உயரத்துக்குச் சரியா எண்டு மட்டும் பாருங்கோ. நாங்கள் டின்னருக்கும் ஷோவுக்கும் போகேக்க நீங்கதானே தள்ளப்போறீங்கள். பகலிலயும் நாங்கள் ரெண்டுபேரும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாம். உங்கட கட்டிலைப் பிள்ளையளிண்ட கபினிலயே போட்டாச்சு."

கொன்ஸ்ரன்ஸின் முகம் கறுத்தது. அரிசிப் பையைத் தொப்பென்று தரையில் போட்டார்.

"கேட்டீரோ கனகேஸ்? என்ர உயரமாம்! ஏன், அவன் ஜொனாதனுக்குக் கை இல்லையோ? ரெண்டையும் பெத்தது நானோ? சம்பளத்துக்கு ஆயா பிடிச்சாலும் அவளுக்கு ஒருநாள் லீவு குடுக்கோணும்! நயாகராவில காருக்குள்ள வைச்சுப் பூட்டினவை, இப்ப கப்பலுக்குள்ள வைச்சுப் பூட்டப் போகினம்!"

கடையில் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண் பயந்துபோய்த் தன் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் கத்தினேன்.

"வாரும் போவம். வண்டியும் வேண்டாம், கப்பலும் வேண்டாம். ஆறு மாதம், ஆறு மாதமெண்டு போய் மாடாய் உழைச்சது காணாதோ?"

"நான் ஏன் போகாம விடோணும்?" என்று என்மேல் பாய்ந்தார். "தைச்ச கவுனை என்ன செய்யிறது? நான் கப்பலுக்குப் போறன். தம்பி, உந்தக் கைப்பிடியை உயர்த்தும்."

"மிஸ், இதுக்கு மேல போனா உங்களுக்கு எட்டாதே?"

"எனக்கெண்டு ஆர் சொன்னது? ஆறடி ஆம்பிளைக்கு வையும். நீர் நெட்டைதானே, உம்மட கைக்கே அளந்து வையும்."

இப்ஹாம் கைப்பிடியை உச்சிக்கு இழுத்து, வளைந்த சிறிய சாவி ஒன்றால் போல்ட்டை முறுக்கினார். கொன்ஸ்ரன்ஸ் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். கைப்பிடி அவருடைய கழுத்துக்கு வந்தது. "இன்னும் இறுக்கும்" என்றார். அவர் இன்னும் இறுக்கினார்.

"இந்தச் சாவிய பத்திரமா வெச்சிக்கோங்க மிஸ். உயரம் மாத்துறதெண்டா இது வேணும்."

"இது இல்லாட்டி?"

"இல்லாட்டி ஏலாது மிஸ். அசையாது."

பில்லை வாங்கினார். வண்டியைத் தள்ளிவரும் வேலையை இப்ஹாமிடம் விட்டுவிட்டு முன்னால் நடந்தார். காலி வீதியில் கழிவுநீர்க் கானை மூடிய கொங்கிறீட் பலகைகளுக்கு நடுவே ஓரிடத்தில் வெடிப்பு இருந்தது. அங்கே நின்று, சாவியை அதற்குள் போட்டார். அது தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும்வரை குனிந்தபடியே நின்றார்.