நாலு இலை அழகுமலை

அழகுமலைக்குப் பரிமாறத் தெரியாது. சாம்பார் வாளியைக் கொடுத்தால் முதல் இலையிலேயே வெள்ளம். ஆனாலும் ஐம்பதுகளில் திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுக் கல்யாணங்களில் பந்தி விசாரிப்புக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். விசாரிப்பு என்று பெயரே தவிர, வாய் திறந்து யாரையும் விசாரிக்கக் கூடாது. "ரசம் போடட்டுங்களா?" என்று கேட்டால் சம்பந்தி வீட்டார் கௌரவத்துக்கு "வேண்டாம்" என்பார்கள்; ஊருக்குப் போய், ரசத்தைக் கண்ணிலேயே காட்டவில்லை என்பார்கள். ஆகவே இலையைப் பார்த்தே குறிப்பறிந்து, அடுப்படிக்கு வந்து, எந்த இலைக்கு எது என்று சொல்லி ஆள் அனுப்ப வேண்டும்.

ஒரு நடைக்கு அவர் நாலு இலைதான் பார்ப்பார்.

"ஏன்யா, கண்ணு நல்லாத்தானே இருக்கு? சேத்துப் பத்து எலையாப் பாத்துட்டு வந்தா என்ன?" என்பார் தலைமைச் சமையல்காரர் செல்லமுத்து.

"அஞ்சாவதப் பாத்தா மொத எலை நழுவிருதுண்ணே."

நாலையும் பார்த்தபின் தரையை நோக்கியபடியே நடப்பார். வழியில் யாரும் பேச்சுக் கொடுக்கலாம். பதிலும் சொல்வார், இலைகள் கலையா. எதையாவது காட்டினால்தான் ஆபத்து. இதைச் சிலர் தலைக்கனம் என்றார்கள், சிலர் பக்தி என்றார்கள். இரண்டும் அவரிடம் கிடையாது. மூளையை ஆராய்கிறவர்கள் இப்போது சொல்வது வேறு: பின்மண்டையில் பார்க்கிற பகுதியே பார்த்ததைக் கொஞ்ச நேரம் ஏந்தியும் நிற்கிறதாம், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி அது கலையாமல் காவல் காக்கிறதாம். மூன்று நான்கு உருப்படிக்கு மேல் கொள்ளாது. புதுக் காட்சி வந்தால் பழையது இடிபடும். சொல்லுக்கு வேறு இடம், அதனால் பேச்சு அவ்வளவாகக் கெடுக்காது. கோடிக்கணக்கான நரம்பணுக்களை வைத்துக்கொண்டு நாலே இலை.

ஐம்பத்தேழு ஆவணியில் வயிரவன் செட்டியார் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா ராமசுப்பிரமணியன் செட்டியார் குடும்பத்தில் தை மாதம் வரிசையாகக் கல்யாணங்கள் இருந்தன. சம்பந்தி பந்தி சிறப்பாக நடந்தால் அவையெல்லாம் அழகுமலைக்கு. கிடைத்தால் தன் மகள் கல்யாணத்தை மாசியில் முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம் தள்ள வேண்டும்.

கல்யாணத்தை முன்னிட்டு வயிரவன் செட்டியார், பந்தி நடக்கும் கட்டு முதல் அடுப்படி வரை தரையெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூப்போட்ட புதுக் கல் பதித்திருந்தார். அழகுமலை வழக்கம்போல் நாலு இலையைப் பார்த்தார், தரையைப் பார்த்தபடி நடந்தார், அடுப்படியில் வந்து நின்றார். கண்ணுக்குள் பூவாக இருந்தது.

"என்னய்யா முழிக்கிறே? யாருக்கு என்ன?" என்றார் செல்லமுத்து.

"பூவாத் தெரியுதுண்ணே."

"பூ அடுப்படியில இல்லை. மாலை கட்டுறவன்கிட்டப் போய்க் கேளு."

அடுத்த நடையில் மேலே பார்த்து வந்தார். மேலே கலர் கண்ணாடி விளக்குகள். அதற்கடுத்து கண்ணை மூடிக்கொண்டு வந்து தூணில் முட்டிக்கொண்டார். இதற்குள் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்கு மூன்றாம் முறையாகப் பாயசம் போய்விட்டது. அவர் ஆட்சேபிக்கவில்லை.

கடைசியில் அழகுமலை கண்ணை நம்புவதை விட்டு வாயை நம்பினார். சம்பந்திகளின் பெயர் தெரியாது. எனவே அவராகவே வைத்தார். "மூக்குக்கு அப்பளம், தொப்பைக்கு மோர், காதுமுடிக்கு ரசம்" என்று ஓதியபடி நடந்தார். ஒன்றும் தப்பவில்லை. மேளச் சத்தத்தில் தன் குரலே தனக்குக் கேட்காததால் சற்று உரக்கவும் ஓதினார். திடீரென்று மேளம் நின்றது. "மூக்குக்கு அப்பளம்" என்பது மட்டும் பந்தி முழுவதும் கணீரென்று கேட்டது.

"இங்கிட்டு வாய்யா" என்றார் ராமசுப்பிரமணியன் செட்டியார். "யாருய்யா அந்த மூக்கு?"

தை மாதம் போயிற்று என்று அழகுமலை நினைத்திருப்பார். பக்கத்தில் நின்ற மீனாள் ஆச்சி, செட்டியாரின் மனைவி, இலையைக் காட்டினார்.

"அப்பளம் இல்லாத எலை ஒங்க எலை ஒண்ணுதான். இதை வேற கேக்கணுமாக்கும்?"

அப்பளம் வந்தது. செட்டியார் அதை நிதானமாக நொறுக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுத்தாப்புல சால்வையோட இருக்காரே, எங்க பங்காளி. அவருக்கு என்ன பேரு?" என்றார்.

"தவளைங்கய்யா. மோருக்குச் சொல்லியிருக்கேன்."

செட்டியார் பங்காளியை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "தையில வந்துரு. ஆனா சத்தமாச் சொல்லணும்."

தையில் போனார். அங்கே தரை வெறும் சிமெண்டு. ஒரு வார்த்தை பேசாமல் நாலு இலையையும் கண்ணிலேயே கொண்டுவந்திருக்கலாம். ஆனால் பந்திக்கு வந்தவர்களுக்கு வேண்டியது அவருடைய கண் அல்ல. தங்களுக்கு என்ன பெயர் வைக்கிறார் என்று கேட்க ஆட்கள் முதல் பந்திக்கே முண்டியடித்தார்கள். பெயர் வராத ஒரு பெரியவர் பாயசத்தைத் தொடாமல் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் பேரு வச்சே, என்னைய மட்டும் ஏன்யா விட்டுட்டே? நான் என்ன வேத்தாளா?"

மாசியில் மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எந்த மனஸ்தாபத்துக்கும் இடம் கொடுக்க முடியாது. அழகுமலை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அங்கேயே ஒரு பெயரை உரக்கச் சொன்னார். பெரியவர் பாயசத்தைக் குடித்தார். அது என்ன பெயர் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. அவருடைய பேரன்மார் புதுக்கோட்டையில் வக்கீல்களாக இருக்கிறார்கள்.