நாலு இடத்தில் எழுதிய முகவரி

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரரை ஒரு கம்ப்யூட்டர் பெரிய ஆபத்தில் மாட்டிவிட்டிருக்கும். நூலிழையில் தப்பினோம்.

அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள். ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க, மாதம் ஒருமுறை கேளம்பாக்கம் கிளினிக்கில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுப்போம். ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் டோஸை முடிவு செய்வார். மாத்திரை கூடினால் ரத்தக் கசிவு, குறைந்தால் அடைப்பு!

அன்று லேப் கவுன்ட்டர் பெண், இந்தத் தடவை கொஞ்சம் ஜாஸ்தி என்றாள். உள்ளே போனால், டாக்டர் தன் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, ரொம்பக் குறைவாக இருக்கிறதே, மாத்திரையைக் கூட்டலாம் என்று பேனாவை எடுத்துவிட்டார். ஒரே ரத்தத்துக்கு இரண்டு ரிசல்ட்டா? நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லையே... கேட்டுவிட்டேன். டாக்டர் தேதியைப் பார்த்தார். போன மாதத்து ரிசல்ட். பேனாவை மூடி வைத்துவிட்டு ரேவதியைக் கூப்பிட்டார்.

ரேவதி அங்கே கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்பவர். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பம். அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். அவர் லீவில் இருந்தபோது வெளியாள் ஒருவர் வந்து, ரிசல்ட்டெல்லாம் சேர்த்து வைக்கிற சர்வரைப் புதிதாக வைத்திருக்கிறார். லேப், பில்லிங், மருந்துக்கடை, டாக்டர் அறை — நாலு சாஃப்ட்வேரிலும் சர்வர் முகவரி தனித்தனியாக எழுதியிருந்ததாம். மூன்றில் மாற்றியவர், நாலாவதை மறந்துவிட்டார். பழைய சர்வரை யாரும் அணைக்கவும் இல்லை. அது பாட்டுக்குப் போன மாதத்துச் சங்கதியையே டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

சரியான ரிசல்ட் வந்தது. டாக்டர் டோஸைக் குறைத்தார். எனக்கு அப்புறம்தான் மூச்சே வந்தது.

வேறு யாராவது என்றால் அந்த ஒன்றை மட்டும் திருத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ரேவதி போகவில்லை. முகவரியை ஒரே இடத்தில் வைத்து, நாலு சாஃப்ட்வேரும் அங்கேயே கேட்டுக்கொள்ளும்படி மாற்ற உட்கார்ந்துவிட்டார். எதற்கு இவ்வளவு மெனக்கெடல் என்று கேட்டேன்.

“எங்க ஊர்ல இன்னிக்கு கடலுக்குப் போவக்கூடாதுன்னா கோயில் மைக்குல ஒரு வாட்டி சொல்வாங்கக்கா. வூடு வூடா போய்ச் சொன்னா, எவனுக்காவது சொல்ல மறந்துடுவாங்க. அவன் போட்டு மட்டும் கடலுக்குக் கெளம்பிடும்.”

அசந்துபோனேன்.

பழைய சர்வர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருக்கட்டுமே என்றார் மேனேஜர். ரேவதி பிளக்கைப் பிடுங்கினார்.

“பதிலே சொல்லலன்னா நமக்குத் தெரிஞ்சிடும் சார். பழைய பதில சொல்லிகினு கீதே, அதான் பேஜாரு.”

கண்டிப்பான பெண்! இப்படி ஓர் ஆள் இருக்கிற தைரியத்தில்தான் இனி அந்த டாக்டர் அறைக்குள் நுழைவேன்.

வீடு திரும்பும்வரை அந்த வெளியாளை நன்றாகத் திட்டிக்கொண்டே வந்தேன். வந்ததும் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவில் போன மாத டோஸ் எழுதிய சீட்டு பத்திரமாக ஒட்டியிருந்தது... என் கையெழுத்தில்.