வில்லை விழும்வரை கோல் இல்லை

திலகவதி காலமான செய்தி அலுவலகப் பேருந்தில் இருக்கும்போது வந்தது. சில்க் போர்டு சிக்னலில் வண்டி வழக்கம்போல நகராமல் நின்றிருந்தது. என் கைபேசியில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அணி இரண்டு கோல் முன்னால் இருந்தது. அந்தப் படத்தின் மேலேயே அலுவலகக் குழுவின் அறிவிப்பு வந்து விழுந்தது. "நமது சம்பளப் பிரிவைச் சேர்ந்த திருமதி திலகவதி அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார்" என்றிருந்தது.

நான் நம்பவில்லை. திலகவதி ஒருநாளும் சம்பளப் பிரிவில் இருந்ததில்லை. என்னோடு இன்சூரன்ஸ் க்ளைம் பிரிவில் இருந்தவர். பிரிவையே தப்பாகப் போடுகிறவர்கள் ஆளையும் தப்பாகப் போட்டிருக்கலாம் அல்லவா? வைட்ஃபீல்டில் எங்கள் கட்டடத்தில் மட்டும் எத்தனையோ ஆயிரம் பேர். இன்னொரு திலகவதி இல்லாமலா போவார்? முகம் தெரியாத அந்தப் பெண்மணி மேல் சாவைத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தேன். மாரத்தஹள்ளி தாண்டியதும் அவர் கணவர் சேகருக்குப் போன் செய்தேன். "ஆமாக்கா" என்று மட்டும் சொன்னார். அப்போதும் எனக்குச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

அவர் என்னைவிட வயதில் சிறியவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை வா, போ என்றுதான் பேசினேன். இங்கே அவர், இவர் என்று எழுதுவதைப் பார்த்தால் "யாரைப் பத்திக்கா எழுதறீங்க?" என்று கேட்டிருப்பார். கேட்கட்டும். போனவருக்குக் கொடுக்க என்னிடம் இப்போது அந்த மரியாதை ஒன்றுதான் இருக்கிறது.

திலகவதி அடுகோடியில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், காய்கறி வண்டிக்காரரோடு சண்டை என்றால் தக்கணி உருது. நான் ஆம்பூரிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த முதல் நாள், பக்கத்து இருக்கை என்பதால் என் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை நீட்டினேன். அவர் சாதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்குக்கா?"

"சும்மாதாம்மா."

"சும்னே யாரும் குடுக்க மாட்டாங்க. மேனேஜர் அனுப்பினாரா?"

நான் மேலிடத்து உளவாளி இல்லை என்பதை அவர் ஏற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. அதற்குப் பிறகு என் டப்பாவில் எனக்கு மிஞ்சியது கொஞ்சம்தான்.

எங்கள் வேலையே சந்தேகப்படுவது. கனடாவில் ஒரு கம்பெனிக்கு வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகளை இங்கே சரிபார்த்து அனுப்புவோம். பனியில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று ஒருவர் எழுதியிருந்தால், நாங்கள் எல்லோரும் கையின் எக்ஸ்ரேயைப் பார்ப்போம். திலகவதி முதலில் அன்றைக்கு அந்த ஊரில் பனி பெய்ததா என்று பார்ப்பார். அவருக்கு இந்த வேலை கிடைத்ததா, இந்த வேலைக்காகவே அவர் பிறந்தாரா என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஐஸ் ஹாக்கி எங்களுக்குள் வந்ததும் ஒரு சந்தேகத்தால்தான். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அக்கா, ஒண்ணு கவனிச்சீங்களா? சில நாள் நம்ம ஃபைல் எல்லாம் மூச்சு விடாம பாஸ் ஆவுது. சில நாள் ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் திருப்பி அனுப்பறாங்க. அதே ஆளு, அதே ஃபைலு. இதுல ஏதோ இருக்கு."

மாசக் கடைசியா என்று பார்த்தார். அமாவாசை, பௌர்ணமி கூடப் பார்த்தார். கடைசியில் வீடியோ காலில், எங்கள் ஃபைல்களைப் பாஸ் செய்யும் கனடா மேனேஜருக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த சட்டை அவர் கண்ணில் பட்டது. அந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணியின் சட்டை. முந்தின இரவு அணி தோற்றிருந்தால் மறுநாள் அந்த மனிதருக்கு எதுவுமே சரியாகத் தெரியாது. இதுதான் விஷயம்.

அன்றிலிருந்து திலகவதி ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார். அந்த ஊரில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை ஏழரை. அடுகோடியில் நாங்கள் பேருந்து ஏறும் நேரம். அவர் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. வைட்ஃபீல்ட் போய்ச் சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும், டிராஃபிக் அவ்வளவு ஒத்துழைக்கும். அணி ஜெயித்தால் அன்றைக்கு இழுபறியான ஃபைல்களை அனுப்புவோம். தோற்றால் அடக்கி வாசிப்போம். எங்கள் பிரிவுக்குத் திடீரென்று நல்ல பெயர் வந்ததற்கு மேலிடம் ஏதேதோ பயிற்சி முகாமைக் காரணமாகச் சொன்னது.

வேவு பார்க்கப் போனவர் எப்போது ரசிகையானார் என்று எனக்குத் தெரியாது. அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "வேலைக்காகப் பார்க்கறேன்" என்பார். வேலைக்காகப் பார்க்கிறவர் ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்து, ஒரு தடுப்பாட்டக்காரரின் முழங்கால் எப்படி இருக்கிறதென்று ஏன் கவலைப்பட வேண்டும்?

அணியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அக்டோபரில் சீசன் தொடங்கியதும் அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்பது அவர் வைத்த சட்டம். "அவங்க" என்றுதான் சொல்ல வேண்டும், ஏதோ எதிர்வீட்டுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல. அக்டோபர் மாதத்தையே அவருக்குப் பிடிக்காது. அணிகள் புதிதாக இறங்கியிருக்கும், நாலு ஆட்டம் ஜெயித்ததும் ஊரே கோப்பையைத் துடைத்து வைக்கும். திலகவதி மட்டும் கோப்பைக்குப் பதில் ஓட்டையைத் தேடுவார்.

"எதிராளி நேத்துதான் வேற ஊர்ல ஆடிட்டு விமானத்துல வந்து இறங்கியிருக்கான். கால் தூக்க முடியல அவனால. இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

"கோல் நாமதானே போட்டோம்?"

"வலையைப் பார்த்து நம்மள விட ரெண்டு மடங்கு தடவை அடிச்சது எதிராளிதான். நாம ஜெயிச்சிருக்கோம். இது ஒரு க்ளைம் ஃபைலா வந்தா நீங்க கையெழுத்துப் போடுவீங்களாக்கா?"

நவம்பரில் அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். ஆட்டம் நமக்கு எட்டரைக்குப் போய்விடும். "நேரத்தையே மாத்தறவங்கள எப்படிக்கா நம்பறது?" என்று வருஷம் தவறாமல் கேட்பார்.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய கைகள்தான். அந்த விளையாட்டில் பந்து கிடையாது, கறுப்பு ரப்பர் வில்லை. வில்லை வலைக்குள் போனதும் அரங்கமே எழுந்து கத்தும். திலகவதி இரண்டு கைகளையும் மடியில் வைத்து இறுக்கிக்கொள்வார். கோல் விழுந்த பிறகும் எதிரணிப் பயிற்சியாளர் எதிர்ப்புச் சொல்லலாம். நடுவர்கள் வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்து அதைக் கழித்துவிடலாம். நடுவட்டத்தில் வில்லையை மறுபடி போட்டு ஆட்டம் தொடங்கிவிட்டால்தான் பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது. "வில்லை விழும்வரை கோல் இல்லைக்கா" என்பார். வில்லை விழுந்ததும் ஒரே ஒரு தட்டு, என் தொடையில். வலிக்கும்.

நாங்கள் சேர்ந்து பார்த்த முதல் முழு சீசனில் அணி அக்டோபரில் பறந்தது. நான் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். அவர் தொடவில்லை. டிசம்பரில் அணி மளமளவென்று சரிந்தது. அவர் சொன்னது அப்படியே நடந்தது. இனி 'நான் அப்பவே சொல்லலையா' என்று தொடங்கினால் இவரோடு பேருந்தில் வர முடியாது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். ஒரு தோல்வியன்று இறங்கும் இடம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தூசிக்கா" என்றார். ஏசி பேருந்து, எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. அன்றிலிருந்து எனக்கு அவருடைய சந்தேகத்தின் மேலேயே சந்தேகம். நம்பாதவர் எதற்கு அழ வேண்டும்?

போன வருஷம் அவருக்கு நோய் வந்தது. அதன் பெயரை அவரும் சொல்லவில்லை, நானும் எழுதவில்லை. சிகிச்சை முடிந்து இந்த வருஷம் மழைக்காலத்தில் ரிப்போர்ட் நன்றாக வந்தது. நான் அடுகோடி வீட்டுக்கு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் கைகள் மடியிலேயே இருந்தன.

"ஸ்வல்ப இருங்கக்கா. வில்லை விழட்டும்."

இந்த அக்டோபரில் அணி மறுபடி பறக்கத் தொடங்கியது. திலகவதி வீட்டிலிருந்தே வேலை செய்வதாகச் சொல்லியிருந்தார். காலையில் நான் பேருந்தில், அவர் கட்டிலில், நடுவில் போன். புதுக் கோல்கீப்பர் வருவதையெல்லாம் தடுத்தார். புதுப் பையன் ஒருவன் அடித்ததெல்லாம் கோலாயிற்று. நான் திலகவதியின் வழக்கமான ஆட்சேபணைக்குக் காத்திருந்தேன். ஒருநாள் காலை அது வரவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"அக்கா, இந்த வருஷம் நம்பலாம்க்கா."

"நிஜமாவா சொல்றே?"

"நிஜமாத்தான். எனக்கே ஆச்சரியமா இருக்கு. இவங்க வேற மாதிரி ஆடறாங்க."

அந்தப் பேருந்தில் அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமான மனுஷி கிடையாது. அக்டோபரையே நம்பத் தொடங்கியவர் ரிப்போர்ட்டையும் நம்பியிருப்பார், தீபாவளி முடிந்ததும் ஜன்னல் இருக்கைக்குத் திரும்பிவிடுவார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மூச்சு எதற்கு வாங்கியது என்று கேட்கத் தோன்றவில்லை. அதுதான் நாங்கள் சேர்ந்து பார்த்த கடைசி ஆட்டம்.

சாவு வீட்டில் சேகர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"செப்டம்பர்லயே தெரியும்க்கா. திரும்பி வந்துடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆபீஸ்ல யாருக்கும் சொல்ல வேணாம்னா."

"எங்கிட்ட நம்பலாம்னு சொன்னாளே சேகர். டீம் நல்லா ஆடுதுன்னு சொன்னாளே."

அவர் அழுகையின் நடுவே சிரித்துவிட்டார். "அதுவா? உங்ககிட்ட பேசிட்டுப் போனை வெச்சதும் எங்கிட்ட ஒரே திட்டு. 'கோல்கீப்பர் ஒருத்தன்தான் தாங்கறான், டிசம்பர்ல பாருங்க, கவுந்துடும்'னா. 'அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பாவம், சந்தோஷமா இருக்காங்க'ன்னா."

எனக்குக் கோபம்தான் வந்தது. சாவு வீடென்றுகூடப் பார்க்காமல் கோபம் வந்தது. ஊரார் பொய்யையெல்லாம் ஒரு பார்வையில் பிடித்தவர், தன்னுடைய ஒரு பொய்யை என் கண் முன்னாலேயே பாஸ் செய்துவிட்டுப் போயிருக்கிறார். நானும் சந்தேகப்படாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கண்ணாடிப் பெட்டியில் அவர் கைகளை வயிற்றின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். இறுக்கமாக இல்லை. அதைப் பார்த்ததும் அது அவருடைய கைதானா என்றுகூடத் தோன்றியது. எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. யாரோ எங்கேயோ இதை எதிர்த்துச் சொல்வார்கள், திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள் என்று மனதின் ஒரு மூலை காத்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை மறுபடி பேருந்து ஏறினேன். ஜன்னல் இருக்கையில் என் பையை வைத்தேன். கைபேசியில் ஆட்டம் ஓடியது. எங்கள் அணி ஒரு கோல் போட்டது. அரங்கம் எழுந்து கத்தியது. எதிரணிப் பயிற்சியாளர் எதிர்ப்புச் சொன்னார். நடுவர்கள் ஓரமாகப் போய் வீடியோவைப் பார்க்கத் தொடங்கினார்கள். என் கைகள் தாமாகவே மடிக்கு வந்தன.

அந்த நேரத்தில் ஒரு நிறுத்தத்தில் யாரோ ஒருவர் ஏறினார். புதிதாக வேலையில் சேர்ந்தவர் போலிருந்தது. வண்டி நிறைந்திருந்தது. என் பையைப் பார்த்துவிட்டு, இங்கே யாராவது வருவார்களா மேடம் என்று கன்னடத்தில் கேட்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நடுவர் திரும்பி வந்து கையை நீட்டினார், கோல்தான். ஆட்டக்காரர்கள் நடுவட்டத்துக்குப் போனார்கள். வில்லை விழுந்தது.

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். யாரும் வரவில்லை, உட்காருங்கள் என்றேன். அவர் என்னைத் தாண்டி ஜன்னல் பக்கம் போய் உட்காருவதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன மேடம் என்று பதறினார். தூசி என்றேன்.

திலகா, டிசம்பர் வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒருத்தரையும் நம்ப மாட்டேன். நீ நிம்மதியாகப் போ.