நகக்கண்ணில் பாசி

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் மாதா கோயிலில் ஓர் உபதேசியார் இருந்தார்; பங்குச் சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்லிவைப்பவர். கறுத்து ஒடிசலான மனிதர். எதைக் கேட்டாலும் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நான்காக மடித்த பிறகுதான் பதில் சொல்வார். அதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும்.

யுத்த காலம். பக்கத்து வீட்டுப் பெண் கிணற்றில் குதித்துவிட்டாள். பார்த்தவர் உபதேசியார் ஒருவர்தான். நீச்சல் தெரியாத அவர் போட்ட சத்தத்தில் நாங்கள் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது. தானாகச் செத்தவர்களுக்கு அப்போதெல்லாம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மதிலுக்கு வெளியேதான் புதைப்பார்கள்.

"கால் வழுக்கிடுச்சின்னு சொல்லுங்க, உபதேசியாரே" என்று அவளுடைய அப்பா அவர் காலில் விழுந்தார்.

பங்குச் சாமியார் வந்து, நடந்தது என்ன என்று உபதேசியாரைக் கேட்டார். துண்டு மடிந்தது.

"குதிச்சது நெசந்தாங்க, சாமி."

எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

"ஆனா கையப் பாருங்க. நகக்கண்ணு பூரா பாசி. குதிச்ச பொறவு, சுவத்தப் புடிச்சி ஏறப் பாத்துக்கினே இருந்திருக்குது. அதுவும் நெசந்தாங்க."

சாமியார் மண்டியிட்டு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுந்தபோது, "உள்ளேயே குழி வெட்டுங்க" என்றார்.

பெண்கள் அவளைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். உபதேசியார் மடித்த துண்டைப் பிரித்து அவள் கைகளின் மேல் போர்த்தினார்.

"கைய மட்டும் கழுவாதீங்கம்மா. அப்பிடியே போவட்டும்."

மேலே போய்க் காட்டுவதற்குத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.