தாலி வருமுன் கெட்டிமேளம்

போன ஞாயிறு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் என் பெரியம்மா மகள் சுகந்தியக்காவுக்குக் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்பே கெட்டிமேளம் கொட்டிவிட்டது. கொட்ட வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நானேதான்.

தோட்டத்துக் கோயில் சின்னது. ஐயர், மாப்பிள்ளை, பொண்ணு, இரண்டு பக்கத்துச் சொந்தங்கள் எல்லாம் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்தால் மேளக்காரர்களுக்கு இடமில்லை. அவர்கள் வெளியே, பந்தலில். ஐயர் கைகாட்டுவது அங்கே தெரியாது. ஆகவே வாசலில் ஓர் ஆள் வேண்டும். ஐயர் கையைத் தூக்கினால் அந்த ஆளும் தூக்க வேண்டும். உடனே மேளம் முழங்கும். மரக்கறி லொறிகளுக்குக் கணக்கு வைக்கிற கொழும்புக் கம்பனிக்கு சொஃப்ட்வெயர் எழுதுகிற புள்ள, இதையாவது ஒழுங்காகச் செய்யும் என்று என்னை நிறுத்தினார்கள்.

வில்லங்கம் எங்கே என்றால்... அந்தக் கோயிலில் போனுக்குக் கொஞ்சமாவது சிக்னல் கிடைக்கும் ஒரே இடமும் அந்த வாசல்தான்.

ஐயர் மந்திரத்தை ஆரம்பித்தார். என் போனும் ஆரம்பித்தது. எங்கள் டீம் லீடர் ரூபன் அண்ணா. இருப்பது கொழும்பு, பேச்சு மட்டும் இன்னும் யாழ்ப்பாணம்.

"தங்கச்சி, வெலிமடையில லொறிக்காரர் கத்துகினம். லீக்ஸ் ஏத்தின லொறியை கரட் எண்டு காட்டுதாம். நீர் நேற்றுத் திருத்தின புரோகிராம் துண்டை இப்பவே ஏத்தும். சேர்வரை மட்டும் நிப்பாட்டக் கூடாது, விளங்குதோ?"

"அண்ணா, நான் இங்க கல்யாணத்துல..."

"சின்ன வேலை எல்லே!"

கல்யாணத்துக்கு யாராவது லெப்டொப் கொண்டு போவார்களா என்று கேட்காதீர்கள். கொண்டு போயிருந்தேன்.

ஓடுகிற சேர்வரை நிறுத்தாமலே அதன் ஒரு துண்டைக் கழற்றிப் புதுசை மாட்டலாம். ஒரு நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்கிறாரே, பாட்டு நிற்கிறதா? அப்படித்தான். எங்கள் சேர்வர் இன்னும் கெட்டிக்காரன். ஒரு ஃபோல்டரைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். புது ஃபைல் அங்கே தலைகாட்டியதும் பழசை இறக்கிவிட்டு, புதுசைத் தானாகவே ஏற்றிக்கொள்ளும். என்ன சொகுசு! இதைப் பற்றி நான் பீற்றிக்கொள்ளாத ஆளே கிடையாது.

செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில், படியில் லெப்டொப்பை வைத்தேன். போனோடு இணைத்தேன். ஃபைல் போகத் தொடங்கியது. பாதி போயிருக்கும்... சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மலைநாட்டில் பிறந்தவள் என்ன செய்வாள்? போனைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

அவ்வளவுதான் — கெட்டிமேளம்!

உள்ளே அட்சதை மழை. குலவை. ஐயர் பாதி மந்திரத்தோடு வாயைத் திறந்தபடி இருந்தார். தாலி? தட்டில் தேங்காயோடு ஆசீர்வாதத்துக்கு வலம் போய், கடைசி வரிசையில் என் சித்தியின் கையில் இருந்தது. மேளச் சத்தத்தில் பதறிய மாப்பிள்ளை எழுந்து, வெறுங்கையோடு அக்காவின் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போடத் தொடங்கிவிட்டார்.

"என்னாங்க தேடுறீங்க?" என்றாள் அக்கா.

மாப்பிள்ளையின் அம்மாவின் முகம் கறுத்தது. "தாலி ஏறாம மேளமா? அபசகுனமுங்க இது!"

அக்கா போய் வாழப்போகிற வீடு அது. இந்தப் பேச்சு எத்தனை வருஷம் அவளைத் துரத்தும்? பந்தலுக்கு ஓடினேன்.

"அண்ணே, நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!"

தவில்கார மாரியண்ணன் அடித்துக்கொண்டே கத்தினார். "நீதானே கையத் தூக்குன? நடுவுல நிப்பாட்டுனா அது இன்னும் மோசம். தாலி வார வரைக்கும் அடிக்கிறோம், ஓடு!"

தட்டு தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி வந்தது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை கட்டினார் — இந்த முறை நிஜமாகவே. மேளம் அதுவரை ஓயவில்லை. ஆனால் வீசுவதற்கு ஒருவரிடமும் அட்சதை இல்லை! சமையல் பக்கத்திலிருந்து மாமா ஒரு சட்டி வெள்ளை அரிசியோடு ஓடி வந்தார்.

மறுபடியும் போன்.

"என்ன செய்தனீர் தங்கச்சி? பாதி ஃபைலைக் கண்டதும் சேர்வர் பழசைத் தூக்கி எறிஞ்சு போட்டு, அந்தப் பாதியை ஏத்தப் பார்த்து விழுந்து கிடந்தது! நான் பழசைத் திரும்பப் போட்டிட்டன். நீர் போய்ச் சாப்பிடும்."

யாரைக் குற்றம் சொல்வது? மாரியண்ணன் கையைக் கண்டார், அடித்தார். சேர்வர் ஃபைலைக் கண்டது, ஏற்றியது. முழுசாக வந்துவிட்டதா என்று கேட்கும் வேலையை நாம் யாருக்குமே கொடுக்கவில்லையே! வேகம், வேகம் என்று பறக்கிற எல்லா இடத்திலும் இந்த ஓர் ஆளைத்தான் மறந்துவிடுகிறோம். இப்போது எங்கள் சேர்வர் அவசரப்படுவதில்லை. ஃபைல் முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகு, உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லாத குட்டி ஃபைல் ஒன்றைப் பக்கத்தில் வைக்கிறோம். அதைக் கண்டால்தான் சேர்வர் அசையும்.

சேர்வர் பிழைத்தது. சகுனம்?

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா எனக்கு நேர் எதிரே. நான் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ரசம் வந்தபோது அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரா? ஐயோ...

"ஏம்புள்ள, வெறுங்கையில முடிச்சுப் போட்டான் பாத்தியா எம்மவன்! கயிறு இருக்கா இல்லியான்னுகூடப் பாக்கலியே பய!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பந்தியே சிரித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. காரில் ஏறப் போனவள் என் காதருகே குனிந்தாள்.

"ஒன் கல்யாணத்துக்கு வாசல்ல நான்தான்டி நிப்பேன்... ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு!"