பேனரைக் கழற்றச் சொன்னவர்

கலாமணி மேடம் காலமான செய்தி வந்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். அவருடைய தங்கை போனில் பேசினார். "அக்கா போயிட்டாங்க சார். காத்தால மூச்சு அடங்கிருச்சு" என்றார். கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் தகவலைப் போட்டேன். சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். அதற்குக் கீழேயே நிர்வாகத்தின் செய்தி வந்து விழுந்தது: ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்கு மாணவர்களைப் பிடித்துவந்து சேர்க்க வேண்டும், தவறினால் விளக்கம் தர வேண்டும். இந்த அஞ்சலியைப் படிப்பவர்களில் மேடத்தோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குழுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரிக்கு, மாணவர்களுக்கு வேலை தேடித்தரும் பிளேஸ்மென்ட் ஆபீசராக வருவதற்கு முன், பம்பு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவர் அவர். முதல் கூட்டத்தில் எழுந்து, "உங்க பசங்கள வேண்டாம்னு இத்தன வருசமாத் திருப்பி அனுப்புனது நாந்தானுங்க. ஏன் அனுப்புனேன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்" என்றார். எங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இயந்திரவியல் துறையில் இருந்த எனக்கும்தான்.

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறைகளில் வேலை பழக வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கி அவரே பேசி முடித்தார். தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு தகப்பனார் கோபத்தோடு வந்தார். தென்னந்தோப்பில் தான் படும் பாடு மகனுக்கு வேண்டாம் என்றுதான் படிக்க வைத்ததாகவும், கையில் கிரீஸ் ஆக்கிக்கொள்ள கல்லூரி எதற்கு என்றும் கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு மேடம் மெதுவாகச் சொன்னார்: "கிரீஸ் கழுவுனாப் போயிருமுங்க. படிச்சுப்போட்டு ஊட்டுல சும்மா உக்காந்திருக்கற பையன் மூஞ்சியப் பாக்கறதுதானுங்க கஷ்டம்." தகப்பனார் சமாதானம் ஆகவில்லை. பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த குழு, வகுப்பு நேரம் குறைகிறது என்று எழுதிவிட்டுப் போனது. திட்டம் மறு வருடமே நின்றது.

அடுத்த சேர்க்கைக் காலத்தில் சாலையோரம் பெரிய பேனர் வைத்தார்கள். வேலை பெற்றவர்கள் என்று வரிசையாக முகங்கள். அதில் ஒன்று தாராபுரத்துக் கார்த்தியுடையது. பணி ஆணை கொடுத்த கம்பெனி அவனைக் கடைசிவரை அழைக்கவே இல்லை. கோவையில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் மேடத்துக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். பார்சல் வாங்குகிறவர்கள் அடையாளம் கண்டு கேட்கிறார்கள், அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றான். மேடம் அன்றே நிர்வாகத்திடம் போய்க் கேட்டார். சேர்க்கை முடியட்டும் என்று பதில் வந்தது.

சேர்க்கைக் கூட்டம் நடந்த அன்று அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஒலிவாங்கி கலாமணி மேடத்திடம் இருந்தது. மகளை அழைத்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்து, "ஏனுங்க, இங்க படிச்சா வேலை கெடச்சுருமுங்களா?" என்று கேட்டார்.

மேடம், "எல்லாருக்கும் கெடைக்காதுங்க அம்மணி. வெளிய பேனர்ல இருக்கறவங்கள்லயே வேலைக்குப் போகாதவங்க இருக்காங்க. இப்ப சொல்லித்தர்ற மாதிரியே சொல்லித்தந்தா இனியும் கெடைக்காது. அத மாத்தச் சொல்லி நீங்களும் கேக்கோணும்" என்றார்.

யாரும் எதையும் கேட்கவில்லை. அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். பெரும்பாலோர் அன்றே பிள்ளைகளைச் சேர்த்துவிட்டும் போனார்கள். எங்கே போவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை போலும். மாலைக்குள் மேடத்தை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கிளம்பும் முன் கார்த்திக்குப் போன் செய்து, "என்னால கழட்ட முடியல கண்ணு" என்று மட்டும் சொன்னார். பேனர் சேர்க்கை முடியும்வரை அங்கேயேதான் இருந்தது.

அதன்பின் நோய் வந்தது. கடைசியாக நான் பார்க்கப் போனபோது மிகவும் மெலிந்திருந்தார். உடம்பைப் பற்றிப் பேச விடவில்லை. கல்லூரியைப் பற்றிக் கேட்டார். மாணவர்கள் இரும்பு கடையப் பழகிய லேத் இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதையும், அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவுப் பாடப்பிரிவு தொடங்குவதையும் சொன்னேன்.

"சொல்லித்தர ஆள் இருக்குதுங்களா?"

என்னையே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். சிரித்தார், சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லிப்போடுங்க சார். நம்பி வந்து உக்காந்திருப்பாங்க."

மின்மயானத்தில் கூட்டம் அதிகமில்லை. கல்லூரியிலிருந்து என்னைத் தவிர இருவர்தான் வந்திருந்தார்கள். அவர் மாற்ற நினைத்த எதுவும் எங்கள் கல்லூரியில் மாறவில்லை. அஞ்சலிக்காகக்கூட வேறுவிதமாக எழுத அவர் சம்மதிக்க மாட்டார்.

அந்தப் பாடம் எனக்குத் தெரியாது, நடத்த இயலாது என்று முதல்வருக்கு நேற்று எழுதிக் கொடுத்தேன். என் வேலை நிலைக்குமா என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். எனக்கும் பயம் இருக்கிறது. ஆனால் நம்பி வந்து எதிரே உட்கார்கிறவர்களிடம் பொய் சொல்ல முடியாமல் போய்விட்டது. கலாமணி மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.